படகோட்டியின் பெயர்

மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நால்வருக்கு ஆளுக்கொரு வேடம். ஒருவர் வாள்வீரர், இன்னொருவர் மந்திரவாதி, மூன்றாமவர் வைத்தியர், நான்காமவர் எந்தப் பூட்டையும் திறக்கத் தெரிந்த திருடர். ஐந்தாமவர் கதையை நடத்துகிறவர். கதை ஆற்றங்கரைக்கு வந்து நிற்கிறது. அக்கரைக்குப் போயாக வேண்டும். “ஒரு படகு நிற்கிறது. படகோட்டி துடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்” என்கிறார் ஐந்தாமவர். அவருடைய திட்டத்தில் படகோட்டிக்கு அரை நிமிட வேலைதான்: ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டால் போதும். ஆனால் வாள்வீரர் சும்மா ஏறுவதில்லை. “அண்ணே, உங்க பேர் என்ன?” என்று கேட்டுவிடுகிறார்.

அரசனுக்குப் பெயர் இருக்கிறது. அவனைக் கவிழ்க்கத் திட்டமிடும் அமைச்சருக்கும் இருக்கிறது. மலைக்குகையில் தூங்கும் டிராகனுக்குக்கூட மூன்று வாரம் யோசித்து வைத்த பெயர் உண்டு. படகோட்டிக்கு மட்டும் இல்லை. கதை நடத்துகிறவர் விட்டத்தைப் பார்க்கிறார். தொண்டையைச் செருமுகிறார். “ம்... ராமு” என்கிறார். மேசையைச் சுற்றிச் சிரிப்பு. அதுவரை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த ஆறு, படகு, துடுப்பு எல்லாம் மறைந்து காலிக் காப்பிக் கோப்பைகள் தெரிய ஆரம்பிக்கின்றன.

மேசையில் ஆடும் இந்த வேட விளையாட்டுகளுக்கு மூலம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் லேக் ஜெனிவா என்ற சிற்றூர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-ல் அங்கிருந்து வெளிவந்தது. தாயம் போலவோ சதுரங்கம் போலவோ இதில் கட்டம் அவசியமில்லை. கதை நடத்துகிறவர் நிலைமையைச் சொல்வார். ஆடுகிறவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். ஆடுகிறவர்கள் தலைக்கு ஒரு பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். மற்ற அத்தனை பேரும், கடைக்காரர், காவலாளி, பிச்சைக்காரர், மாமியார், எல்லோரும் கதை நடத்துகிறவரின் பொறுப்பு. தெருக்கூத்தில் கட்டியங்காரனுக்கு இருக்கும் பாடுதான். வாயிற்காவலன், தூதன், வேலைக்காரன் என்று சில்லறை வேடங்கள் எல்லாம் அவன் தலையில்தான் விடியும்.

கூத்தில் அந்தக் காவலன் பெயரை யாரும் கேட்பதில்லை. பள்ளிப் பிள்ளைகள் சீட்டு மடித்துப் போட்டு ஆடும் ராஜா, மந்திரி, போலீஸ், திருடன் விளையாட்டிலும் பதவிதான் உண்டு, பெயர் கிடையாது. இந்த விளையாட்டில் நிலைமை வேறு. ஆடுகிறவர்கள் யாரை வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் கேட்கலாம். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முக்கியமானவர்களுக்கு மட்டும் பெயர் இருந்தால், பெயரே துப்பாகிவிடும். சத்திரத்தில் பத்துப் பேர் இருக்க ஒருவருக்கு மட்டும் முழுப் பெயர் சொல்லப்பட்டால் கொலைகாரன் அவன்தான் என்று ஊருக்கே தெரிந்துவிடும். துப்பறியும் கதை எழுதியவர்களுக்கு இது பழைய பாடம். கடைசிப் பக்கம் வரை எல்லோரும் ஒரே தரத்தில் நிற்க வேண்டுமென்றால் தண்ணீர் கொண்டுவருகிறவருக்கும் பெயர் வேண்டும்.

கண்டுபிடித்தவர்களே இதில் தடுமாறியவர்கள்தான். கைகாக்ஸின் சொந்தப் பாத்திரமான மோர்டன்கைனன் என்ற மந்திரவாதி, நண்பர் ராபர்ட் குன்ட்ஸ் நடத்திய ஒரு கதையில், எதிரே வந்த சாதாரண மந்திரவாதி ஒருவனை வசியம் செய்து தன் ஏவலாளாக்கிக்கொண்டது. அவன் பெயர் பிக்பி. வந்த வேகத்தில் செத்துப்போயிருக்க வேண்டிய ஆள். அதன்பின் மோர்டன்கைனனிடம் சேரும் ஏவலாட்கள் எல்லோருக்கும் அதே ஓசையில்தான் பெயர் என்று குன்ட்ஸ் விதி போட, ஸிக்பி, ரிக்பி, டிக்பி என்று ஒரு வம்சமே கிளம்பியது. பிக்பியின் பெயரால் இன்றும் விளையாட்டில் மந்திரங்கள் இருக்கின்றன. 2023-ல் ராட்சதர்களைப் பற்றி வந்த அதிகாரபூர்வமான நூலின் தலைப்பிலேயே அவன் பெயர் இருக்கிறது. அரை நிமிட ஆள் அரை நூற்றாண்டு தாண்டிவிட்டான்.

கைகாக்ஸின் மகனுடைய பாத்திரத்துக்குப் பெயர் தேவைப்பட்டபோது, தாளில் ‘ஆண்’ என்பதற்கான எழுத்தும் ‘எல்ஃப்’ என்ற இனமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் படித்தார்கள், மெல்ஃப் பிறந்தான். ஜிம் வார்டு என்ற நண்பரின் பெயரை ஆங்கில எழுத்தில் பின்னாலிருந்து படித்தால் ‘டிராமிஜ்’. அவனும் ஒரு மந்திரவாதி ஆனான். எழுத்தாளர் ஜாக் வான்ஸின் குடும்பப் பெயரைக் கலைத்து அடுக்கியதில் வெக்னா என்ற வில்லன் கிடைத்தான். மேதைமை என்று சொல்வதைவிட, கையில் அகப்பட்டதைக் கொண்டு சமைப்பது என்று சொல்லலாம்.

தமிழில் இந்தச் சமையல் புதிதல்ல. ஹாம்லெட்டைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்த பம்மல் சம்பந்த முதலியார் அவனுக்கு அமலாதித்யன் என்று பெயர் வைத்தார். ஓசையும் விட்டுப்போகவில்லை, அரசகுமாரனுக்கு உரிய மிடுக்கும் குறையவில்லை. மாக்பெத் மகபதி ஆனான். வீரமாமுனிவர் வேறு வழியில் போனார். தேம்பாவணியில் அவர் ஓசையை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்தார்: யோசேப்பு வளன், திருமுழுக்கு யோவான் கருணையன். ‘மனோன்மணீயம்’ எழுதிய சுந்தரம் பிள்ளை வஞ்சக அமைச்சனுக்குக் குடிலன் என்று வைத்தார். வாயைத் திறக்குமுன்பே ஆள் கோணல் என்று தெரிந்துவிடும். 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழ், பிரிட்டிஷ் சித்திரக்கதை நாயகன் ஒருவனின் சொந்தப் பெயரைப் பின்னுக்குத் தள்ளி ‘இரும்புக்கை மாயாவி’ என்றது. அந்தத் தலைமுறைச் சிறுவர்களுக்கு அவன் வேறு பெயரில் இருந்திருக்க முடியும் என்றே தோன்றாது.

ஆக, ஓசை, பொருள், குணம், அடையாளம் என்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஆனால் இவை எல்லாம் யோசிக்க நேரம் இருந்தவர்களின் வழிகள். படகோட்டியின் பெயரைக் கேட்டால் கிடைப்பது ஒரு விநாடி. அந்த ஒரு விநாடியில் வாயில் என்ன வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

விளையாட்டு ஐரோப்பிய இடைக்காலத்தைக் களமாக வைத்துப் பிறந்தது. அதனால் இந்தியாவில் ஆடும்போதும் சத்திரக்காரர் பெயர் கில்பர்ட் என்று வந்துவிடுவது சகஜம். வெளியீட்டாளர்கள் உதவிக்கு வராமல் இல்லை. 2017-ல் வந்த துணைநூல் ஒன்றின் கடைசியில் பக்கம் பக்கமாகப் பெயர்ப் பட்டியல்கள் இருக்கின்றன. அரபு, சீனம், கிரேக்கம், ஜப்பானியம் என்ற தலைப்புகளுக்கிடையே ‘இந்தியப் பெயர்கள்’ என்று ஒரு பட்டியலும் உண்டு. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே பட்டியல். பகடையை உருட்டி அதிலிருந்து பெயர் எடுத்தால், ஒரே குடும்பத்தில் அண்ணனும் தம்பியும் ஆயிரம் மைல் இடைவெளியில் பிறந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். இந்தியாவாவது ஒரு நாடு. ‘நைஜர்-காங்கோ’ என்பது ஆயிரத்துக்கும் மேற்பட்ட மொழிகள் கொண்ட குடும்பம். அதற்கும் அங்கே ஒரே பட்டியல்தான். 2022-ல் நிலைமை கொஞ்சம் மாறியது. பல நாட்டுப் பின்னணி கொண்ட எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதிய கதைத் தொகுப்பு ஒன்று வந்தது. அதில் கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் எழுதிய கதை வங்காள மண்ணின் சாயலில் அமைந்தது. ‘இந்தியப் பெயர்’ என்று ஒன்று கிடையாது, ஏதோ ஓர் ஊரின் பெயர்தான் உண்டு என்பது அப்போது அச்சிலும் புரிய ஆரம்பித்தது.

அப்படி ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். பெங்களூரின் வடகிழக்கில் இருக்கும் லிங்கராஜபுரம். குக் டவுன், கம்மனஹள்ளி, ஹெண்ணூர் சாலை ஆகியவை அக்கம்பக்கம். 1809-ல் ஆங்கிலேயர் பெங்களூரில் ராணுவத் தண்டு அமைத்தபோது, சென்னை மாகாணத்திலிருந்து சிப்பாய்களும் ஒப்பந்தக்காரர்களும் கூலித்தொழிலாளர்களும் வந்து சேர்ந்தார்கள். தண்டைச் சுற்றிய பகுதிகளில் தமிழ் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. கன்னடமும் தெலுங்கும் தக்கனி உருதுவும் மலையாளமும் ஆங்கிலமும் கூடவே கேட்கின்றன. விளையாட்டின் கதை இப்படிப்பட்ட ஊருக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொண்டால், முதல் தெருவிலேயே கில்பர்ட்டுக்கு வேலை போய்விடும்.

முனுசாமி என்றால் தமிழர். முனியப்பா என்றால் கன்னடராகவோ தெலுங்கராகவோ இருக்கலாம். முனியம்மா எந்த வீட்டிலும் இருக்கலாம். மூன்று பேருக்கும் சாமி ஒன்றுதான். முருகேசன் இரண்டாம் தலைமுறையில் முருகேஷ் ஆகிறார். நடராஜன் கடைசி எழுத்தை இழந்து நடராஜ் ஆகிறார். எழிலரசிக்கும் யாழினிக்கும் வேறு சிக்கல். பழங்கன்னடத்தில் இருந்த ழகரம் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டதால், பள்ளிப் பதிவேட்டில் கன்னட எழுத்தில் ஏறும்போது அது ளகரம் ஆகிவிடுகிறது. தமிழருக்கு முன்னால் நிற்பது தகப்பனார் பெயரின் முதலெழுத்து. விண்ணப்பப் படிவமோ குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கிறது.

கத்தோலிக்கப் பெயர்களில் ஒரு மொழிபெயர்ப்பு வரலாறே அடங்கியிருக்கிறது. சவரிமுத்துவுக்குள் சேவியர் இருக்கிறார். சூசைக்குள் ஜோசப், ராயப்பனுக்குள் பீட்டர், சின்னப்பனுக்குள் பால், அருளப்பனுக்குள் ஜான். ஆரோக்கியசாமியும் ஆரோக்கியமேரியும் ஆரோக்கிய அன்னையை நினைத்து வைத்த பெயர்கள். தாத்தா ராயப்பன், அப்பா பீட்டர், பேரன் ஏதோ ஒரு புதுப் பெயர் என்று மூன்று தலைமுறை மூன்று காலத்தைச் சொல்லிவிடும். டிசூசா என்றால் மங்களூரோ கோவாவோ நினைவுக்கு வரும். பெயரைக் கேட்டதும் பாட்டன் ஊர், வழிபடும் இடம், வீட்டில் பேசும் மொழி, பிறந்த பத்தாண்டு எல்லாம் கிடைத்துவிடுவது விளையாட்டுக்கு நல்லது. படகோட்டியைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டியதில்லை.

காலம் என்பதையும் கவனிக்க வேண்டும். தனித்தமிழ் இயக்கமும் திராவிட இயக்கமும் பெயர்களையே மாற்றிய நாடு இது. வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். ராமையா அன்பழகன் ஆனார். அவர்களைப் பின்பற்றி வீடுதோறும் செழியன்களும் அழகன்களும் பிறந்தார்கள். கதை 1890-ல் நடக்கிறது என்றால் கிராமத்துக் கணக்குப்பிள்ளைக்கு அந்தப் பெயர்கள் ஒட்டாது. சோழர் காலத்துக் கதையில் ஸ்டாலினும் போஸும் வர முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதே கதையில் சுரேஷும் ரமேஷும் வந்துவிட்டால் பலர் கவனிப்பதில்லை.

ஒரே பெயர் இரண்டு ஊரில் இரண்டு விதமாகக் கேட்கும் என்பதற்கும் லிங்கராஜபுரத்தின் அக்கம்பக்கமே சாட்சி. பிரேசர் டவுனின் அதிகாரபூர்வமான பெயர் புலிகேசி நகர். கன்னடருக்கு இரண்டாம் புலிகேசி மாபெரும் சாளுக்கியப் பேரரசர். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்த தமிழருக்கு அவர் காஞ்சியை முற்றுகையிட்ட பகைவர். 2006-க்குப் பின் வளர்ந்தவர்களுக்கோ புலிகேசி என்றாலே 23 என்ற எண்ணும் வடிவேலுவின் மீசையும்தான். அந்தப் பெயரை ஒரு தளபதிக்கு வைத்தால், மேசையில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்வார், ஒருவர் முறைப்பார், ஒருவர் சிரிப்பார். குக் டவுன் இன்று சர்வக்ஞ நகர். சர்வக்ஞர் மூன்றடிப் பாடல்களால் கன்னடர் மனதில் நிற்பவர். 2009 ஆகஸ்டில் அல்சூரில் திருவள்ளுவர் சிலையும், சில நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டன. வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்தது. பெயருக்காக மனிதர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியாத நாட்களும் உண்டு. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டது. 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் தாக்கப்பட்டன. பல பேருந்துகள் எரிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நாளில் “உங்க பேர் என்ன?” என்ற கேள்வியும் பகடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விழும் முகத்தைப் பொறுத்திருக்கிறது பலன்.

ஆகவே அந்த ஒரு விநாடிக்குத் திரும்ப வேண்டும். யோசிக்க நேரமில்லாதபோது நாக்கில் வருவது பழகிய பெயர். பழக்கம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் சினிமாவிலிருந்து. பழைய தமிழ்ப் படங்களில் டீக்கடைக்காரர் நாயர், சமையற்காரர் ஐயர், வட்டிக்குக் கொடுப்பவர் சேட், இரவுக் காவலாளி கூர்க்கா, கடத்தல்காரனின் அடியாள் மைக்கேல் அல்லது ராபர்ட், கிளப்பில் ஆடும் பெண் ரீட்டா, வீட்டு வேலை செய்பவர் முனியம்மா. எழுதியவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று சொல்ல முடியாது. சிறு பாத்திரம்தானே, யோசிக்க என்ன இருக்கிறது என்று எழுதினார்கள். அந்த ‘தானே’யில்தான் வினை. லிங்கராஜபுரத்தில் மைக்கேல் என்பவர் கணக்கு வாத்தியாராக இருக்கலாம், ரீட்டா வங்கி மேலாளராக இருக்கலாம். திரையில் அவர்கள் மீண்டும் மீண்டும் கத்தியோடும் கவர்ச்சியோடும்தான் வந்தார்கள். கதாநாயகனுக்குப் பெயர் வைக்கும்போது எல்லோரும் ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். ஒரு சமூகம் மற்றவர்களைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறது என்பது துணைப் பாத்திரங்களின் பெயரில்தான் வெளிப்படுகிறது.

‘குப்பன் சுப்பன்’ என்ற வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். யாரோ ஒருவன், எண்ணிக்கைக்குள் வராதவன் என்று பொருள். ஆனால் குப்பன் என்ற பெயர் அலட்சியத்தில் பிறந்ததல்ல. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, குப்பன், குப்பம்மாள் என்று பெயர் வைப்பார்கள். எமனுக்கு இது வேண்டாத பொருள் என்று தோன்ற வேண்டும் என்பதற்காக. பிச்சை என்ற பெயருக்கும் இதுவே கதை. தாயின் பயத்திலும் ஆசையிலும் பிறந்த பெயரை ஊர் ‘யாரோ’ என்ற பொருளில் சொல்லப் பழகிக்கொண்டது. நான்காவதும் பெண் பிறந்த வீட்டில் வைக்கும் ‘போதும்பொண்ணு’வில் அந்த அன்பும் இல்லை. பெயரே குறையாக வாழ்நாள் முழுவதும் கூடவே நடக்கும்.

தமிழ் இலக்கியம் இந்தப் பெயர் விவகாரத்தில் நெடுங்காலமாகத் தெளிவோடு இருந்திருக்கிறது. அகப்பாடலில் யாரையும் பெயர் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியத்தின் விதி. தலைவன், தலைவி, தோழி, செவிலி, பாங்கன் என்றுதான் வரும். காதல் எல்லோருக்கும் பொது. பெயர் வந்தால் அது ஒருவரின் சொந்தக் கதையாகி ஊர்வம்பாகிவிடும். அங்கே பெயரின்மை ஒரு மரியாதை. அதே தொகைநூல்களில் இதற்கு நேர்மாறான வேலையும் நடந்திருக்கிறது. குறுந்தொகைப் புலவர்களில் சிலருடைய பெயர் தொலைந்துவிட்டது. தொகுத்தவர்கள் ‘பெயர் தெரியவில்லை’ என்று விட்டுவிடாமல் அவரவர் பாட்டில் இருந்த உவமையையே எடுத்துப் பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், குப்பைக்கோழியார். பெயர் இல்லாதவருக்குப் பெயர் கொடுப்பதில் இதைவிட நேர்த்தியான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. அவர் செய்ததிலிருந்தே அவர் பெயர்.

சிலப்பதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போய் எச்சரிக்கிறது. அதில் சிறு பாத்திரங்களுக்குக் குறைவில்லாமல் பெயர் உண்டு. மதுரைப் புறஞ்சேரியில் கண்ணகிக்கும் கோவலனுக்கும் இடம் கொடுத்த ஆய்ச்சி மாதரி. அவள் மகள் ஐயை. மாதவியின் தோழி வயந்தமாலை, கண்ணகியின் தோழி தேவந்தி. மாதரி வரும் பக்கங்கள் குறைவு. ஆனால் அடைக்கலம் வந்தவர்களைக் காக்க முடியாமல் போன துயரத்தில் அவள் தீயில் புகுந்தாள் என்று பின்னால் கேள்விப்படும்போது, பெயர் தெரிந்த ஒருத்தி செத்துப்போனதாகவே மனம் பதறுகிறது.

கதையைத் திருப்பிய ஆளுக்கு மட்டும் பெயரில்லை. சிலம்பைத் திருடிவிட்டுக் கோவலன்மேல் பழியைப் போட்டவன் பொற்கொல்லன். அவ்வளவுதான். சொந்தப் பெயர் எங்கும் சொல்லப்படவில்லை. அதன் விளைவும் காப்பியத்திலேயே இருக்கிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகியின் சினம் தணிய ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான். குற்றம் செய்தவன் ஒருவன். அவனுக்குப் பெயர் இருந்திருந்தால் பழி அந்தப் பெயரோடு நின்றிருக்கும். தொழிலின் பெயரே அவன் பெயரானதால் பழி தொழில் முழுவதன் மேலும் விழுந்தது. சிறு பாத்திரத்துக்குப் பெயர் தேடும் எவரும் இந்த ஆயிரம் பேரை மறக்கக் கூடாது. பெயர் சொல்லாமல் விடுவதும், அந்த இனத்துக்கு என்று ஒதுக்கிவைத்த பெயரைச் சொல்வதும் முடிவில் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடுகின்றன.

நல்ல பெயருக்கு எங்கே போவது? பழைய பட்டியல்களுக்குப் போகலாம். டோல்கீன் 1937-ல் வெளியிட்ட ‘ஹாபிட்’ கதையின் பதின்மூன்று குள்ளர்களில் பெரும்பாலோருக்குப் பழைய நார்ஸ் பாடல் ஒன்றில் இருக்கும் பெயர்ப் பட்டியலிலிருந்து பெயர் எடுத்தார். கல்கி ‘பொன்னியின் செல்வ’னுக்குக் கல்வெட்டுகளிடம் போனார். ஆதித்த கரிகாலன் கொலையோடு தொடர்புடையவர்களாக உடையார்குடிக் கல்வெட்டு குறிப்பிடும் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோர் நாவலிலும் நடமாடுகிறார்கள். கல்லில் கிடைக்காத இடங்களில்தான் அவர் பூங்குழலி, சேந்தன் அமுதன் என்று புதிதாக வைத்தார். அவையும் காலத்தோடு முரண்படாமல் உட்கார்ந்தன. பூங்குழலி படகோட்டிதான் என்பது கவனிக்கத்தக்கது. அந்தப் பெயரை இன்று தமிழ்நாட்டில் யாரும் ‘சிறு பாத்திரம்’ என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

விளையாடுகிறவர்களுக்குச் சில நடைமுறை யோசனைகள் சொல்லலாம். ஆட்டத்துக்கு முன்பே இருபது பெயர் எழுதி வைத்துக்கொள்வது முதல் வேலை. கேட்டவுடன் மேலே இருப்பதைச் சொல்லி, அடித்துவிட்டு, பக்கத்தில் ‘படகோட்டி, இடது காது கேட்காது’ என்று குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த வாரம் அதே ஆற்றங்கரையில் அவரை விசாரிப்பார்கள். இரண்டு பெயர் ஒரே எழுத்தில் தொடங்கக் கூடாது. கந்தன், கண்ணன், கதிரவன் மூவரும் ஒரே சந்தையில் இருந்தால் கத்தரிக்காய் விற்றவர் யார் என்று ஒரு மணி நேரத்தில் மறந்துவிடும். வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு அழகான பெயர் நாக்கில் தடுக்கலாம். வேடிக்கைப் பெயர் வேண்டாம். முதல் தடவை சிரிப்பு வரும், அந்த ஆள் சாகும் இடத்திலும் அதே சிரிப்பு வரும்.

எல்லாவற்றையும்விட உபயோகமானது இரண்டு பட்டியல் முறை. ஒரு தாளில் ஊரில் இருக்கும் பெயர்கள், எல்லா மொழியும் எல்லா மதமும் கலந்து. இன்னொரு தாளில் தொழில்கள். இரண்டுக்கும் தனித்தனியே பகடை உருட்ட வேண்டும். விழுந்ததைச் சேர்க்க வேண்டும். முனியம்மா நீதிபதி ஆவார். சையது வீணை வித்வான் ஆவார். மைக்கேல் சித்த வைத்தியராக வந்து நாடி பிடிப்பார். அடியாளின் பெயர் ஸ்ரீநிவாசனாக இருக்கும். பகடைக்குச் சாதி தெரியாது, சினிமாவும் பார்ப்பதில்லை. ஏன் இப்படி விழுந்தது என்று கதை நடத்துகிறவர் ஒரு விநாடி யோசிப்பார். அந்த யோசனையில்தான் படகோட்டி பாத்திரமாகிறார்.

கணினி நிரல்களிடம் கேட்டால் இன்று நொடியில் நூறு பெயர் கொடுத்துவிடும். கேட்டவர் ஊரைச் சொல்லாவிட்டால் அது எல்லோருக்கும் தெரிந்த பெயரையே கொடுக்கும். அதுவும் அதே பழைய ‘இந்தியப் பட்டியல்’தான், கொஞ்சம் வேகமாக. ஊரைச் சொல்வது மனிதர் செய்ய வேண்டிய வேலை.

எப்படிச் செய்வது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1010-ல் கட்டி முடித்த அந்தக் கோயிலில் ஆடிப் பாட ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் கொண்டுவந்து குடியமர்த்தினான். ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். ‘பெண்டுகள் 400’ என்று ஒரு வரியில் கணக்கை முடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்று ஒவ்வொருவருக்கும் கல்லில் எழுதினார்கள். சேரமங்கை, எடுத்தபாதம், சோழகுலசுந்தரி, ஏகவீரி என்று பெயர்கள் வரிசையாகப் போகின்றன. ஒருத்தியின் பெயரே இன்னொருத்திக்கும் இருந்தால் ‘பெரிய’ என்று சேர்த்துப் பிரித்துக் காட்டவும் தவறவில்லை. அரசனின் மெய்க்கீர்த்தியை இன்று ஆராய்ச்சியாளர்கள்தான் படிக்கிறார்கள். இந்த நானூறு பேரின் பட்டியலைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று, எடுத்தபாதம் என்றால் நடராஜரின் தூக்கிய திருவடி அல்லவா, அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது யார் என்று யோசிக்காமல் நகர முடியாது.